மின்வேலிக்குள் ஒரு காட்டுச்சேவல்

காட்டுச்சேவல் கூவுவதற்கு முன்னால் இறக்கையை உடம்பில் அடித்துக்கொள்ளும். தப், தப், தப். இது என் இடம், எவனாவது இருந்தால் வந்து பார் என்று அதற்கு அர்த்தம். அந்தச் சத்தத்தை மனிதனும் செய்யலாம். ஒரு துண்டை நாலாக மடித்துத் தொடையில் அடிக்க வேண்டும். வேகமாக அடித்தால் துணி துவைக்கிற மாதிரி இருக்கும். மெதுவாக அடித்தால் சேவலுக்குச் சந்தேகம் வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. பாலோ ஊர்ப் பக்கம் தோட்டத்தில் நான் இருந்த காலத்தில் வேறு வேலை இல்லாமல் அடித்து அடித்துப் பழகியது அது. பள்ளியில் நான் படிவம் மூன்றைத் தாண்டவில்லை. இதை மட்டும் ஒழுங்காகப் படித்தேன்.

பிள்ளைங்களா, உங்க மாமாவும் நானும் வேட்டைக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அங்கே என்ன செய்கிறோம் என்று நான் உட்கார்ந்து சொன்னதில்லை. இப்போது எழுதிவைக்கிறேன். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும். சின்னவன் அக்காவிடம் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும்.

மாமாவுக்குக் கோத்தா திங்கி தாண்டி எண்ணெய் எடுக்கிற செம்பனை கொஞ்சம் இருக்கிறது. பன்றித் தொல்லைக்காக அவருக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்திருக்கிறார்கள். காட்டுக்கோழிக்கு அனுமதி தருகிற காலம் வந்தால் அந்த அனுமதியையும் எடுத்துவிடுவார். எனக்கு லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கியை நான் தொட்டதும் இல்லை, தொடவும் கூடாது. என் வேலை கூப்பிடுவது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. துப்பாக்கி மாமாவுடையது, ஆனால் சுடலாமா வேண்டாமா என்று சொல்வது நான். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். சேவல் வெளியே வந்ததும் நான் பார்ப்பேன். கிட்டத்தில் இருக்கிறதா, அசையாமல் நிற்கிறதா, பின்னால் பெட்டைக் கோழியோ குஞ்சோ இருக்கிறதா என்று பார்ப்பேன். எல்லாம் சரியாக இருந்தால் மாமாவின் முட்டியில் ஒரு தட்டு தட்டுவேன். தட்டாவிட்டால் அவர் சுடக்கூடாது. ஓடுகிறதைச் சுடக்கூடாது. பறக்கிறதையும் சுடக்கூடாது. ஒரு காலைக்கு ஒன்று கிடைத்தால் வீட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். அடிபட்டது எங்கேயாவது போய் விழுந்தால், அதைக் கண்டுபிடிக்கும்வரை அடுத்த தோட்டாவைப் போடக்கூடாது, வீட்டுக்கும் போகக்கூடாது.

ஏன் இதை நான் சொல்ல வேண்டும், துப்பாக்கிக்காரர் சொல்லக்கூடாதா என்று கேட்பீங்க. அந்தச் சேவல் துப்பாக்கியைத் தேடி வரவில்லை. என் சத்தத்தைக் கேட்டு, இன்னொரு சேவல் இருக்கிறது என்று நம்பித்தான் வருகிறது. நம்பவைத்தது நான். அதனால் பொறுப்பும் எனக்குத்தான்.

மாமாவுக்கு இதில் கொஞ்சம் மனக்குறை உண்டு. "ட்ரிகரு என்கிட்ட, பிரேக்கு உங்ககிட்ட. என் தங்கச்சியக் கட்டுனதுலேருந்து இதே கதைதான் மாப்ள" என்பார். சொல்வாரே தவிர, தட்டாமல் ஒரு நாளும் சுட்டதில்லை.

அன்றைக்கு நாங்கள் போனது மாமாவின் நிலத்துக்கு இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய தோட்டம். பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று நட்டிருந்தார்கள். கன்று நட்ட இடத்தில் மண்ணை மூடுவதற்குக் கொடி படரவிடுவார்கள். கொடிக்குள் பூச்சி இருக்கும், அதைத் தின்னக் காட்டுக்கோழி காட்டிலிருந்து இறங்கி வரும். மேனேஜரிடம் மாமா முன்கூட்டியே கேட்டுவைத்திருந்தார்.

காட்டு ஓரம் என்பதால் யானைக்காக மின்வேலி போட்டிருந்தார்கள். வேலி பக்கத்தில் போனால் கரண்டு விட்டு விட்டு ஓடுவது காதில் கேட்கும். டிக். கொஞ்சம் நேரம் கழித்து இன்னொரு டிக். கேட்டில் தோட்டத்துக் காவலுக்கு இருக்கிற ஜாகா நின்றிருந்தார். நம்மவர்தான். மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தபடியே ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"யானை எங்கண்ணே இருக்கு?" என்று மாமா கேட்டார்.

"முந்தாநாளு ஆத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சு. வேலிக்கு வெளியதான். கரண்டு ஓடுதுல்ல, உள்ள எப்படி வரும்?"

"கரண்டு நல்லா ஓடுதா?"

"தொட்டுப் பாருங்க லா. தொட்டுட்டு எனக்கும் சொல்லுங்க."

மாமா சிரித்தார். ஜாகா சிரிக்கவில்லை. "கேட்ட மட்டும் நல்லாப் பூட்டிட்டுப் போங்க. அன்னிக்கு எவனோ திறந்து போட்டுட்டுப் போயிட்டான். ஒரு வரிசைக் கன்னு பூரா போச்சு. மேனேஜரு கன்னுக்குப் பதிலா என்னத் தின்னாரு" என்றார். சாவியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, வேலை முடிந்ததும் போன் அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்தில் வளர்ந்தவன் கையில் கேட்டைச் சாத்துகிற பழக்கம் தானாகவே இருக்கும். மாடு போகும், பன்றி வரும், கங்காணி கத்துவார் என்று சின்ன வயதிலேயே கைக்கு வந்துவிடும். நான் உள்ளே நுழைந்ததும் சங்கிலியைச் சுற்றி, பூட்டை அழுத்தி, இழுத்தும் பார்த்தேன். நன்றாகப் பூட்டியிருந்தது.

எங்களுக்கும் ஜாகாவுக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. மழையில் ஒரு மரம் விழுந்து தூரத்தில் ஓர் இடத்தில் வேலி அறுந்திருக்கிறது. முதல் நாள் சாயங்காலம் வேலைக்காரர்கள் வந்து கம்பியைச் சரியாகக் கட்டி, கரண்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குள் யானைகள் உள்ளே வந்துவிட்டன. அவர்கள் ஓட்டையை அடைத்தார்கள், நான் கேட்டை அடைத்தேன். எல்லாரும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தோம்.

வெட்டிய செம்பனை மட்டைகளை வரிசைகளுக்கு நடுவில் அடுக்கிப் போட்டிருப்பார்கள். அப்படி ஓர் அடுக்குக்குப் பின்னால், வேலிக்கு முதுகைக் காட்டி நாங்கள் உட்கார்ந்தோம். முதுகுக்குப் பின்னால் வேலி இருந்தால் பின்பக்கத்திலிருந்து எதுவும் வராது என்பது மாமாவின் கணக்கு. எதிரே கொடி படர்ந்த வெட்டவெளி. அதற்கு அந்தப் பக்கம் இன்னும் சாய்க்காத பழைய செம்பனை, இருட்டாக.

நான் துண்டை மடித்து அடித்தேன்.

"மாப்ள, கபடி ஆட வந்த ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார் மாமா.

"பேசாதீங்க மச்சான்."

மறுபடியும் அடித்தேன். காத்திருந்தேன். இன்னொரு தடவை. பழைய மரங்களுக்குள்ளிருந்து பதில் வந்தது. முதலில் இறக்கைச் சத்தம், பிறகு கூவல். வீட்டுச்சேவல் கூவலை நீட்டி முடிக்கும். இது கடைசியில் வெட்டின மாதிரி நின்றுவிடும். கிட்டத்தில் கேட்டது, அப்புறம் இன்னும் கிட்டத்தில் கேட்டது, அப்புறம் சத்தமே இல்லை. சத்தம் நின்றால் அது நடந்து வருகிறது என்று அர்த்தம்.

வெளியே வந்தது. கழுத்து முழுக்க நெருப்பு நிறம். கறுப்பு வாலில் பச்சை ஓடியது. வால் முளைக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி வெள்ளை. சாம்பல் நிறக் காலை ஒவ்வொன்றாகத் தூக்கி, கொஞ்சம் யோசித்து, அப்புறம் கீழே வைத்தது. எங்களுக்கு முன்னால் வெட்டவெளியில் வந்து நின்று, மார்பைத் தூக்கி, அந்த இன்னொரு சேவல் எங்கே என்று தேடியது.

நான் பார்த்தேன். கிட்டத்தில் இருந்தது. அசையாமல் நின்றது. பின்னால் பெட்டை இல்லை. மாமாவின் முட்டியில் தட்டினேன்.

தட்டிய கை முட்டியிலிருந்து எழும்புவதற்குள் சேவல் சடாரென்று திரும்பி, வந்த வழியைப் பார்த்தது. துப்பாக்கி வெடித்தது. சேவல் உருண்டது. உருண்டு எழுந்து, ஒரு பக்க இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு, கொடியில் கால் சிக்கி விழுந்தது.

"இறக்கைதான்" என்று நான் சொன்னேன். மாமா அதற்குள் எழுந்துவிட்டார். இந்த மாதிரி நேரத்தில் ஓட வேண்டும். ஓடிப் பிடித்து, உடனே முடிக்க வேண்டும். நானும் எழுந்தேன்.

அப்போதுதான் பழைய மரங்களுக்குள் மட்டை முறிகிற சத்தம் கேட்டது. காற்றில் முறிகிற சத்தம் இல்லை அது. நான் மாமாவின் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

யானைகள் வெளியே ஓடி வந்தன. முன்னால் ஒரு பெரிய பெண் யானை, பின்னால் இன்னொன்று, அதன் வயிற்றை ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி. துப்பாக்கிச் சத்தத்தில் மிரண்டிருந்தன. எங்களுக்குப் பக்கவாட்டில் வேலி வரைக்கும் ஓடின. பெரியதின் தும்பிக்கை கம்பியில் பட்டிருக்க வேண்டும். அது அலறிய அலறல் என் பல்லுக்குள் கேட்டது. வந்த வேகத்தில் திரும்பி, வெட்டவெளிக்கு நடுவில் வந்து, மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டி நின்றுவிட்டன. சேவல் அவற்றுக்கு அந்தப் பக்கம் கிடந்தது.

"அலமாக்" என்றார் மாமா, மூச்சில்.

எங்கள் நிலைமையைச் சொல்கிறேன். எங்களுக்கு முன்னால் ஆள் உயரத்துக்குக்கூட வராத மட்டை அடுக்கு. அதற்கு முன்னால் யானை. முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கரண்டு. டிக் என்றது. டிக் என்றது. போவதற்கு இருக்கிற ஒரே வழியான கேட்டை நானே பூட்டி, இழுத்தும் பார்த்திருந்தேன்.

நம் தெப்ராவிலிருந்து சிங்கப்பூர் வேலைக்குப் போகும்போது எல்லைப் பாலத்தில் மோட்டார் வரிசையில் நிற்பேன். முன்னால் புகை, பின்னால் ஹாரன், தலைக்கு மேல் வெயில், வெளியே வரவும் முடியாது, திரும்பவும் முடியாது. அதிலிருந்து ஒரு நாளாவது தப்பிக்கத்தான் நான் காட்டுப் பக்கம் போவது. அந்த மட்டைக்குப் பின்னால் குந்திக்கொண்டு, பாலத்து வரிசையே தேவலை, அதுவாவது கொஞ்சம் கொஞ்சமாய் நகரும் என்று நினைத்தேன்.

சேவல் அடித்துக்கொண்டது. தப், தப், தப். நல்ல இறக்கை ஒன்றை வைத்து எழும்பப் பார்த்தது. அந்தச் சத்தம் நான் துண்டால் அடித்த சத்தம் மாதிரியே இருந்தது. என் கையில் துண்டு அப்படியே இருந்தது. அதைக் கீழே வைத்தேன்.

மாமா என் காதருகில் வந்தார். "இங்கேருந்தே இன்னொன்னு போட்டா முடிஞ்சிரும்."

"குட்டி கிட்ட இருக்கு மச்சான்."

"குட்டி மேல படாது. எனக்குத் தெரியும்."

"படாது. ஆனா தாய்க்கு எங்கேருந்து சத்தம் வந்துச்சுன்னு தெரிஞ்சிடும்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதான சொல்லுவீங்க, வலியோட விடக்கூடாதுன்னு. இப்ப விட்டுட்டு உக்காந்திருக்கீங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஒரு தோட்டா போதும். அது அந்தச் சேவலுக்கு நல்லது. ஆனால் மிரண்ட யானை எங்கள் பக்கம் ஓடிவந்தால் எங்களுக்கு ஓட இடம் இல்லை. எங்களை விட்டுவிட்டு மறுபடி வேலியில் போய் மோதினால் குட்டிக்கும் அடி. நான் துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று சொன்னேன் இல்லையா. மாமாவின் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டேன். அவர் துப்பாக்கியை மடக்கி, தோட்டாவை எடுத்துப் பாக்கெட்டில் போட்டார்.

பிறகு போனை எடுத்தார். பேச முடியாது. செய்தி எழுதி அனுப்பினார், என்னிடமும் காட்டினார். யானை உள்ள இருக்கு என்று எழுதியிருந்தார்.

ஜாகாவிடமிருந்து பதில் வந்தது. எந்த உள்ள?

எங்க உள்ள, என்று மாமா எழுதினார்.

எத்தன இருக்கு?

எண்ணிச் சொல்ற நெலமையில இல்ல.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது: அசையாதீங்க, கரண்ட அடைக்கிறேன், கேட்ட திறந்து விடறேன், அதுங்களா போகட்டும்.

அதுங்களாகப் போகவில்லை. வெயில் ஏறியது. யானைகள் நின்ற இடத்திலேயே மண்ணை அள்ளி முதுகில் போட்டுக்கொண்டன. குட்டி, கொடிக்குள் என்னமோ அடித்துக்கொள்கிறதே என்று சேவலைப் பார்க்கப் போனது. தும்பிக்கையை நீட்டியது. சேவல் எழும்பிக் கொத்தியது. நான் கண்ணால் பார்த்தேன். ஒரு இறக்கையோடு, கால் சிக்கிக்கொண்டு, அந்தச் சின்ன ஜீவன் ஒரு யானைக்குட்டியைக் கொத்தியது. குட்டி கத்திக்கொண்டு தாயிடம் ஓடியது. தாய் திரும்பி, காதை விரித்து, சுற்றிலும் பார்த்தது. எங்கள் மட்டை அடுக்கையும் பார்த்தது. என் கால் மரத்துப்போய் என்னுடையது மாதிரியே இல்லை. எறும்பு கழுத்தில் ஏறியது, ஏறட்டும் என்று விட்டேன்.

சேவலின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும், முடிந்துவிட்டது, நல்லது என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்து மறுபடி ஒரு தப் கேட்கும். செத்துத் தொலையேன் என்று ஓர் உயிரைப் பார்த்து மனசுக்குள் கெஞ்சியது எனக்கு அதுதான் முதல் தடவை.

எப்போது நின்றது என்று தெரியாது, பின்னால் டிக் சத்தம் கேட்கவில்லை. மாமாவுக்கும் தெரிந்துவிட்டது. அவர் ஒரு மட்டைக் குச்சியை எடுத்துக் கம்பியைத் தொட்டார். பிறகு விரலால் தொட்டார். ஒன்றுமில்லை.

"மாப்ள, கம்பிக்குக் கீழ நுழைஞ்சு போயிடலாம். அப்படியே சடக்குல ஏறி ரோட்டோட போயிடலாம்."

"சேவல்?"

"சேவலா? உங்க பிள்ளைங்களுக்கு அப்பா வேணாமா?"

"நீங்க போங்க மச்சான். நான் அதுங்க போனதும் எடுத்துட்டு வர்றேன்."

மாமா கம்பியைப் பார்த்தார். "உங்கள யானைகிட்ட விட்டுட்டு நான் மட்டும் வீட்டுக்குப் போனா, என் தங்கச்சிகிட்ட யாரு பதில் சொல்றது? அதுக்கு யானையே மேலு" என்றார். போகவில்லை. மறுபடியும் குந்திக்கொண்டு, முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்தார்.

வழி திறந்திருக்கும்போது அடைபட்டுக் கிடப்பது வழியே இல்லாமல் அடைபட்டுக் கிடப்பதைவிடக் கஷ்டம். கம்பிக்குக் கீழே நுழைவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. நான் போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், அம்மா பாராட்டியிருப்பாள். ஆனால் வீட்டுக்கு வந்து குளித்து, பசியாறி, உங்களோடு உட்கார்ந்து டிவி பார்க்கும்போதும் அது அங்கே கொடிக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருக்குமே. அதை யார் போய் நிறுத்துவது? காட்டில் புலி அடித்தால் சாப்பிட்டு முடித்துவிடும். பாதியில் விட்டுவிட்டுப் போகிறவன் மனிதன்தான்.

கடைசியில் பெரிய யானை நடக்கத் தொடங்கியது. வேலி ஓரமாகவே, தும்பிக்கையைக் கம்பியில் படாமல் தூக்கிப் பிடித்து மோந்துகொண்டே போனது. கேட்டுப் பக்கம் போய் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. திறந்திருப்பதை அது நம்பவில்லை. பிறகு ஒரே மூச்சாக வெளியே போனது. மற்றதும் குட்டியும் பின்னால் ஓடின. குட்டி கேட்டுத் தூணில் ஓர் இடி இடித்துவிட்டுப் போனது.

என் கால் உடனே எழும்பவில்லை. மாமா என்னைத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் அந்த இடத்துக்கு நொண்டிக்கொண்டு ஓடினோம்.

சேவல் அங்கே இல்லை.

கொடி நசுங்கிக் கிடந்தது. கொஞ்சம் ரத்தம், காய்ந்து கறுத்திருந்தது. ஒரு நெருப்பு நிற இறகு. யானைக் கால் பதிந்த பள்ளம். பள்ளத்துக்குள் கையைவிட்டுப் பார்த்தேன், மண்தான்.

ஜாகா கேட்டிலிருந்து கத்தினார். "வெளிய வாங்க. அதுங்க திரும்பி வர்றதுக்குள்ள மூடணும், கரண்டு விடணும்."

"ஒரு நிமிசம்ணே" என்று மாமா பதிலுக்குக் கத்திவிட்டு, என்னைப் பார்த்தார். "உடும்பு இழுத்துட்டுப் போயிருக்கும் மாப்ள."

"இழுத்துட்டுப் போனா இறகு வழி நெடுகக் கிடக்கும்."

"இப்ப என்ன பண்றது?"

நான் கேட்டுப் பக்கம் திரும்பி, "பூட்டிடுங்கண்ணே. நாங்க உள்ளேயே இருக்கோம். கிடைச்சதும் போன் அடிக்கிறோம்" என்றேன்.

ஜாகா எங்களைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். வேறு யானை உள்ளே இல்லை என்று அவராலும் சொல்ல முடியாது, எங்களாலும் முடியாது. அவர் சங்கிலியைச் சுற்றினார். பூட்டு விழுகிற சத்தம் அவ்வளவு தூரத்திலிருந்தும் கேட்டது. மாமா, துப்பாக்கியை நான் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னாலேயே உறைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டார். கை இரண்டும் வேண்டும் என்றார்.

அடிபட்ட கோழி வெளியே கிடக்காது. மூடிய இடம் தேடும், அதுவும் முடிந்தால் ஏற்றத்தில் போகாது, இறக்கத்தில் போகும். இறக்கத்தில் இருந்த மட்டை அடுக்கு ஒவ்வொன்றையும் நாங்கள் பிரித்தோம். செம்பனை மட்டையில் முள் இருக்கும். கொடியை விரலால் சீவிப் பார்த்தோம். மாமா முட்டி போட்டுத் தவழ்ந்தார். சட்டை முழுக்கக் கொடி ஒட்டிக்கொண்டது. தூரத்தில் கிளை முறிகிற சத்தம் கேட்டால் இரண்டு பேரும் அப்படியே நின்று, ஒருவரையொருவர் பார்ப்போம். பிறகு குனிவோம்.

ஒரு அடுக்கின் அடியில், மட்டைக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சின்ன இருட்டு இருந்தது. நான் தலையைத் தரையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கண் என்னைப் பார்த்தது. ஆரஞ்சு நிறம். மூடித் திறந்தது. உயிரோடுதான் இருந்தது. மூலையில் முதுகை வைத்து, என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தது, நாங்கள் வேலியில் முதுகை வைத்து உட்கார்ந்திருந்த மாதிரியே.

"இருக்கு மச்சான்" என்றேன்.

கையைவிட்டேன். காலால் அடித்தது. குதிமுள் என் கையைக் கிழித்தது. பெரியவள் அன்றைக்கு மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டாளே, அந்தக் காயம்தான். இரண்டு இறக்கையையும் சேர்த்து மெதுவாகப் பிடித்து, உடம்போடு அணைத்து வெளியே எடுத்தேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று ஓடியது. எப்படி முடித்தேன் என்று எழுதவில்லை. சீக்கிரம் முடித்தேன். அதுவரை ஆன நேரத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

மாமா தொப்பியைக் கழற்றிவிட்டார்.

ஜாகா வந்து கேட்டைத் திறந்தார். மாமா கையில் தொங்கியதைப் பார்த்தார். "இந்த ஒன்னுக்கா? ஒரு கிலோ தேறாது. பாசார்ல வாங்கினா இவ்வளவு நேரத்துல குழம்பே வெச்சிருக்கலாம்."

"இவரு கூப்பிட்டாரு, அது வந்துச்சு. நான் சரியா சுடல" என்றார் மாமா. "விட்டுட்டா போவ முடியும்?"

ஜாகா தண்ணீர் போத்தலை நீட்டினார். பூட்டை இந்த முறை அவரே இழுத்துப் பார்த்தார்.

நாங்கள் தேடிக் கண்டுபிடித்ததைப் பெரிய நல்ல காரியம் என்று நினைத்துக்கொள்ளாதீங்க. நல்ல காரியம் என்றால் முதல் தோட்டாவிலேயே முடிந்திருக்க வேண்டும். நாங்கள் செய்தது, அதில் மிச்சம் இருந்த வேலை.

அந்தச் சேவலைத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாம் சாப்பிட்டோம். காட்டுக்கோழிக் கறி சீக்கிரம் வேகாது. அம்மா இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி வேகவைத்தாள். ஒரு துண்டுகூட வீணாகக் கூடாது என்று நான் கழுத்தையும் ஈரலையும் போடச் சொன்னேன். சின்னவன் இறக்கைத் துண்டைக் கடித்தபோது பல்லில் என்னமோ பட்டது. துப்பிப் பார்த்தான். மிளகு அளவுக்கு ஒரு ஈயக்குண்டு. தட்டில் போட்டால் டிங் என்றது. எல்லாரும் சிரித்தோம்.

"இதுதான் அதக் கொன்னுச்சாப்பா?" என்று அவன் கேட்டான்.

"இல்லடா. இது இறக்கைய மட்டுந்தான் உடைச்சுச்சு."

"அப்பறம் எப்ப செத்துச்சு?"

அம்மா உடனே, "சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு, ரசம் ஊத்தவா?" என்றாள். நானும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவன் குண்டை எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்துவிட்டு ரசம் வாங்கிக்கொண்டான்.

கேட்டவனுக்குப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். காலையில் அது என்னைத் தேடி வந்து நின்றபோது புல்லில் பனி இருந்தது. என் கையில் அது அடங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவ்வளவு நேரம் அதற்கு வலித்தது, கண்ணா.